தொட்டால் திறக்கும் அறைகள்

ஜூலை 3

சின்னவளுக்குப் பெரியவள் எழுதுவது.

நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் நலம் என்று நானே எடுத்துக்கொள்கிறேன், நீதான் எழுதுவதில்லையே. போனில் பேசலாமே என்பாய். தம்பி வீட்டில் என் கட்டில் சாப்பாட்டு மேசைக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் கிடக்கிறது. அங்கே உட்கார்ந்து பேசினால் எல்லா அறைக்கும் கேட்கும். கடிதத்தை மட்டும்தான் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது.

ஊடகப் படிப்பில் சேர்ந்துவிட்டேன். மதிய வகுப்பு. தம்பி, "இந்த வயசுல பத்திரிகை படிச்சு என்னக்கா கிழிக்கப் போறே?" என்றான். "இத்தனை வருஷமா உன் வீட்டு அலமாரியில விரிக்கக் கிழிச்சேன், இனிமே ஒட்டப் போறேன்" என்றேன். அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வகுப்பில் என்னை சீனியர் என்கிறார்கள். வாத்தியாருக்கே இப்போதுதான் மீசை அரும்பி வருகிறது. ஒரு பத்திரிகையும் அதற்குத் துணையாக ஒரு இணையதளமும் நாங்களே வடிவமைத்துக் காட்டவேண்டும். என் கூட்டாளி ஒரு பெண். தலைமுடியை ஒட்ட வெட்டியிருப்பதால் குட்டைமுடி என்று கூப்பிடுகிறேன். கணினி வேலை அவளுடையது, பக்கங்கள் என்னுடையவை. பக்கம் அமைக்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கையில் கிடைத்ததையெல்லாம் படித்துப் படித்து நானே கற்றதுதான்.

தம்பி வீட்டுக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். இருப்பது இரண்டு சாவி. எனக்கொன்று செய்யச் சொன்னால், "நீ எங்கக்கா போகப் போறே?" என்கிறான். வகுப்பு முடிந்து வந்தால் அவன் மனைவி வரும்வரை மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கங்களை அங்கேதான் வரைகிறேன்.

பெரியவள்

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். அக்கா படிக்கிறாள் என்று இங்கே பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் நலம். என் முதுகுதான் பழையபடி. உன் கை தைலம் தேய்த்த மாதிரி வராது.

தம்பியிடம் மல்லுக்கு நிற்காதே அக்கா, கொஞ்சம் விட்டுக்கொடு. இங்கேயே வந்து இரேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வீட்டு நிலைமை உனக்குத் தெரியும்.

அன்புடன்,
சின்னவள்

ஆகஸ்ட் 22

சின்னவளுக்கு,

'ஆசைதான்' என்று நீ எழுதிய வரியை இரண்டு முறை படித்தேன். அதற்குமேல் படிக்க அதில் ஒன்றுமில்லை. வீட்டு நிலைமை எனக்குத் தெரியாது. நீ சொன்னதில்லை.

பத்திரிகைக்கு விஷயம் கிடைத்துவிட்டது. வயதான பெண்கள் தங்கள் வீட்டில் எங்கே படுக்கிறார்கள்? பேருந்து நிறுத்தம், ஆஸ்பத்திரி வராந்தா என்று நானும் குட்டைமுடியும் அலைந்தோம். ஒவ்வொருத்தியிடமும் தாளைக் கொடுத்து, "உங்க வீட்டை வரைஞ்சு, நீங்க படுக்கிற இடத்துல ஒரு புள்ளி வைங்க" என்றோம். ஒருத்தி மாடிப்படிக்கு அடியில் இஸ்திரி மேசையோடு படுக்கிறாள். ஒருத்தி பேத்தியின் அறையில். பேத்தி விளக்கை அணைத்தால் அவளும் கண்ணை மூடவேண்டும். ஒருத்தி வீட்டை அழகாக வரைந்துவிட்டுப் புள்ளி வைக்க இடம் தெரியாமல் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

பத்திரிகையில் படம் மட்டும் வரும். இணையதளத்தில் அதே படத்தில் ஓர் அறையைத் தொட்டால் அது திறந்து, யாருடையது, உள்ளே என்ன என்று சொல்லும். அச்சில் முடியாததைச் செய்யத்தானே துணைத்தளம் என்று வாத்தியாரே மெச்சினார். குட்டைமுடிக்குத்தான் குறை. "சீனியர், பக்கம் மூச்சுத் திணறுது. சுத்தி கொஞ்சம் காலி இடம் விடுங்க" என்கிறாள். "காலி இடம்னு ஒண்ணை நான் எங்கடி பார்த்திருக்கேன்?" என்றேன். இடம் விடவில்லை.

தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. லிங்க் உன் போனுக்கு வரும். தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பு. இதையாவது செய்.

பெரியவள்

செப்டம்பர் 9

அக்காவுக்கு,

என்ன காரியம் செய்துவிட்டாய்.

லிங்க் வந்ததும் திறந்துகூடப் பார்க்காமல், அவர் அலுவலகத்துக் குடும்பங்கள் இருக்கும் குழுவில் போட்டேன். 'எங்கக்கா செஞ்சது' என்று பெருமையாக எழுதியும் வைத்தேன். பிறகுதான் ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசியில் என் வீடு. பெயர் போடாவிட்டால் என்ன? முக்கோணமாகச் சமையலறை கட்டிய மனிதர் அந்த அலுவலகத்தில் இவர் ஒருத்தர்தான். மூலையறையைத் தொட்டால், 'காலி. எப்போதும் பூட்டு. கூடப்பிறந்தவள் வந்தால் சோபா' என்று வருகிறது.

அவர் மேலதிகாரியின் மனைவி போன் செய்து, "அந்த ரூம்ல அப்படி என்னதாங்க வச்சிருக்கீங்க?" என்று சிரித்தார். போனை வைத்துவிட்டேன்.

எடுத்துவிடு அக்கா. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

சின்னவள்

செப்டம்பர் 16

சின்னவளுக்கு,

எடுக்க மாட்டேன்.

வகுப்பிலேயே நல்ல பக்கம் அதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அதில் ஒரு பொய்யும் இல்லை. உனக்கு ஆபரேஷன் என்றதும் ஓடி வந்தேன். ஒரு மாதம் சமைத்துப் போட்டேன். படுத்தது சோபாவில். மூலையறையைக் கேட்டதற்கு, "பழைய சாமான் அடைச்சுக் கிடக்குக்கா" என்றாய். சாவியை இடுப்பிலிருந்து எடுக்கவே இல்லை. துணி காயப்போடக் கொல்லைப்பக்கம் போனபோது அந்த அறை ஜன்னலைப் பார்த்தேன். துவைத்து மாட்டிய திரை. பழைய சாமானுக்கு யாராவது திரை துவைப்பார்களா? சோபாவில் படுத்தவள் நான், முதுகுவலி உனக்கு. தைலம் தேய்த்துவிட்டதும் நான்தான்.

தம்பி எனக்கு இடம் தராததை வாய்விட்டுச் சொல்கிறான். நீ பூட்டி வைத்துச் சொன்னாய். அந்த அறை யாருக்காக? உன் புகுந்த வீட்டுக்காரர்களுக்காகவா? ஒரு வரி எழுது. அதுவரை பக்கம் இருக்கும்.

பெரியவள்

செப்டம்பர் 30

அக்கா,

உன் படத்தில் ஒரு பிழை இருக்கிறது. மூலையறை காலி இல்லை. அதில் படுப்பது நான்.

ஐந்து வருடமாக அப்படித்தான். பெரிய சண்டை எதுவும் இல்லை. ஒருநாள் பேச்சு நின்றது, பிறகு யாரும் தொடங்கவில்லை. வெளியாட்கள் வந்தால் பேசிக்கொள்வோம். கதவைத் திறந்திருந்தால் என் கட்டில், புடவைகள், மாத்திரை டப்பா எல்லாம் உன் கண்ணில் பட்டிருக்கும். அதனால் நீ இருந்த மாதம் முழுவதும் அவர் அறையில் படுத்தேன். அங்கே இருப்பது ஒற்றைக் கட்டில். நான் தரையில். நீ தைலம் தேய்த்தது அந்த முதுகுக்குத்தான்.

அந்த மாதம் வீட்டில் பேச்சுச் சத்தம் இருந்தது. "உப்பு போதுமா?" என்றுகூட அவர் என்னைக் கேட்டார். "உன் வீட்டுக்காரர் தங்கம்டி" என்று சொல்லிவிட்டு நீ ரயில் ஏறினாய். வீடு திரும்பும் வழியிலேயே எல்லாம் நின்றுவிட்டது.

வா என்று கூப்பிட்டால் உனக்குத் தெரிந்துவிடும். தங்கையாவது நன்றாக இருக்கிறாள் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பது எனக்கு வேண்டியிருந்தது.

வெளியாள் யாரும் இல்லாதபோது, இத்தனை வருடத்தில் முதல்முறையாக, போன வாரம் பேசினார். "உங்கக்காகிட்ட சொல்லி அதை எடுக்கச் சொல்லு." அவ்வளவுதான்.

சின்னவள்

அக்டோபர் 8

சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை, இப்போதும் கேட்கப்போவதில்லை. நீ சொல்லியிருக்க வேண்டும். ஆபரேஷன் ஆன உடம்போடு தரையில் படுத்தவளுக்கு எழுத எனக்கு நல்ல வார்த்தை ஒன்றும் வரவில்லை. அதனால் செய்த வேலையைச் சொல்கிறேன்.

பக்கத்தை எடுக்கவில்லை. அவர் சொல்லி நான் எதையும் எடுப்பதாக இல்லை. சமையலறையை மட்டும் சதுரமாக்கிவிட்டேன். இனி அது யார் வீடாகவும் இருக்கலாம். பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை, அதிலும் சதுரம்தான்.

மூலையறையில் இருந்த சொற்களை அழித்தேன். இனி அதைத் தொட்டால் திறக்காது. குட்டைமுடி, "சீனியர், வேலை செய்யாத பட்டன்னு மார்க்கைக் குறைச்சிடுவாரு" என்றாள். "குறைக்கட்டும்" என்றேன். அந்த வீட்டைச் சுற்றி நிறையக் காலி இடமும் விட்டேன். அவள் என்னையும் கணினித் திரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திறந்தாள். நல்ல பெண்.

டிசம்பரில் வகுப்பு முடிகிறது. முடிந்ததும் உன்னிடம் வருகிறேன். தம்பியிடமும் சொல்லிவிட்டேன். "எத்தனை நாளைக்கு?" என்றான். நான் வெளியாளாக வரவில்லை, எனக்காக உன் வீட்டுக்காரர் வாயைத் திறந்து சிரமப்பட வேண்டாம். சோபாவில் படுக்க மாட்டேன். மூலையறையில் கட்டிலில் நீ, தரையில் நான். என் முதுகு நன்றாகத்தான் இருக்கிறது.

மாடிப்படியில் உட்கார்ந்துதான் இதையும் எழுதுகிறேன். அவன் மனைவி இன்னும் வரவில்லை.

நான் வருவதற்குள் அந்த அறைக்கு இன்னொரு சாவி செய்து வை.

பெரியவள்