கறுப்புக்கு மேல் மஞ்சள்

கிள்ளான்,
தைப்பூசம் முடிந்த வெள்ளிக்கிழமை

அன்புள்ள மலர்விழிக்கு,

உன் அண்ணி புஷ்பவல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். வழக்கத்துக்கு எழுதுகிற நலம் இல்லை இது, நிஜமான நலம். உன் அண்ணனுக்கு இரண்டு காலும் இருக்கிறது, இரண்டாலும் நடக்கிறார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிறாய் என்றுதான் பெயர், வீட்டு ஆள் விஷயம் என்றால் பாதிக் கடிதத்திலேயே பதறிவிடுவாய்.

வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். உன் அண்ணன் போனில் கண்ணாடி உடைந்துவிட்டது. ரிப்பேருக்குக் கொடுக்கச் சோம்பல் பட்டுக்கொண்டு பாதி நேரம் என் போனைத்தான் கையில் வைத்திருக்கிறார். அவர் கண்ணில் படாமல் எழுத வேண்டியிருந்தது. தவிர, இதோடு ஒரு துண்டுத் துணியும் வைத்திருக்கிறேன். அது வாட்ஸ்அப்பில் வராது. முறுக்கும் அனுப்ப ஆசைதான். உங்கள் நியூசிலாந்து கஸ்டம்ஸ்காரர்கள் பிடுங்கிக்கொள்வார்கள் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. அவர்களுக்காக நான் எண்ணெய் காயவைக்க முடியாது.

போன வருஷ விஷயத்தைக் கிளறுகிறேன் என்று நினைக்காதே. தைப்பூச அன்னதானத்துக்கு விறகு வெட்டுகிற வீடியோவை யாரோ குடும்ப குரூப்பில் போட்டார்கள். உன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு மரம் அறுக்கிற செயின்சாவைப் பிடித்து நின்றார். விரதம் இருக்கிறவர் காலில் செருப்பு போட மாட்டாராம், சாமிக்கு வெட்டுகிற விறகாம். அதைப் பார்த்துவிட்டு நீ எல்லோர் முன்னாலும் எழுதினாய், அண்ணியை விதவையாக்கப் பார்க்கிறாயா என்று. விரதத்தில் இருக்கிற மனுஷனிடம் அந்த வார்த்தை! அன்றைக்கே குரூப்பை விட்டுப் போனவர், அதன் பிறகு உன் பெயரையே வாயில் எடுக்கவில்லை. விதவையாகப் போகிறவள் நான். எனக்கே உன் மேல் கோபம் வரவில்லை. குளிர்காலம் வந்தால் விறகு வெட்டப் போய்த் தொடையைக் கிழித்துக்கொண்டு வருகிறவர்களை உன் வார்டில் நீ தினமும் பார்க்கிறவள் என்று எனக்குத் தெரியும். அவரிடம் சொல்லிப் பார்த்தேன், மண்டையில் ஏறவில்லை.

இந்த வருஷம் விரதம் தொடங்கிய வாரத்தில் உன் பார்சல் வந்தது. தொடையிலிருந்து கணுக்கால் வரை மறைக்கிற அந்தக் கால் கவசத்தை எடுத்து விரித்துப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "முருகனுக்கு விரதம் இருக்கேன், கறுப்பு அனுப்பியிருக்கா பாரு" என்று சொல்லி அலமாரி மேல் வீசிவிட்டார். ஏன் மலர், உலகத்தில் வேறு நிறமே கிடைக்கவில்லையா உனக்கு? ஒருவனைச் சமாதானம் செய்ய நினைத்து, விரத நேரத்தில் அவன் தொடக்கூடாத நிறத்தைத் தேடிப் பிடித்து, அதற்குத் தபால் செலவும் செய்தவள் நீ ஒருத்திதான்.

அவர் வேலைக்குப் போனதும் எடுத்துப் பார்த்தேன். உள்ளே அடுக்கடுக்காக ஏதோ நூல். அதன் மேல் ஊசி குத்தக் கூடாது என்று கூட வந்த தாளில் படம் போட்டிருந்தது. ரவிக்கை தைக்கிற எனக்கு இது ஒரு பெரிய விஷயமா? அவருடைய பழைய மஞ்சள் வேட்டியைக் கிழித்து, தலையணைக்கு உறை போடுகிற மாதிரி இழுத்துப் பிடித்து, ஓரத்து நாடாவில் மட்டும் தைத்தேன். எங்கேயும் தொளதொளவென்று தொங்கவில்லை. சாமி படத்துக்கு முன்னால் வைத்து விபூதி பூசினேன். அவர் வந்து என்ன இது என்று கேட்டார். நான் தைத்தது, போட்டுக்கொண்டால்தான் விறகுக்குப் போகலாம் என்றேன். பொய் சொல்லவில்லை, தைத்தது நான்தானே!

காலுக்குத்தான் பெரிய பஞ்சாயத்து நடந்தது. தோட்டத்தில் போடுகிற ரப்பர் பூட்ஸ் வாங்கி வைத்தேன், தோல் இல்லை, தீட்டும் இல்லை. அப்போதும் மாட்டேன் என்றார். கடைசியில் அன்னதானக் குழுத் தலைவர் தம்புசாமி அண்ணன்தான் வாயை அடைத்தார். "மலை ஏறத்தான் வெறுங்கால் சுகு, மரம் வெட்ட இல்ல லா. முருகனே வேலோடதான் நிக்கிறாரு, நீ என்னத்தோட நிக்கிற?" என்று கேட்டார். உடனே உட்கார்ந்து பூட்ஸை மாட்டினார்.

டெங்கில் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் மரங்களைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். கோயில் குழுவுக்கு வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளச் சொன்னார் தோட்டக்காரர். ஒரு லோரி நிறைய ஆட்கள் போனோம். ஆண்கள் வெட்ட, நானும் பக்கத்து வீட்டுக் குமுதாவும் மற்ற பெண்களும் பொறுக்கி அடுக்கினோம். செயின்சா ஓடும்போது கிட்டே வரக் கூடாது, உன் அண்ணன் நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினால்தான் போகலாம் என்று பேச்சு. நானும் தள்ளியே நின்றேன். அதனால் நடந்ததை முழுசாகப் பார்த்தேன்.

அடிமரத்தை எல்லாம் ஒழுங்காகத்தான் துண்டு போட்டார். கிளை கழிக்கும்போதுதான் வந்தது வினை. தலைக்கு மேல் வெயில், விரதத்தில் ஒருவேளைச் சாப்பாடு, ஆள் களைத்துப்போயிருந்தார். கொஞ்சம் எட்டி நின்று ஒரு கிளையை அறுத்தார். எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே கிளை விட்டுப்போக, ஓடுகிற செயின்சா அப்படியே இறங்கி அவர் இடது தொடையில் விழுந்தது.

என் உயிர் என்னிடத்தில் இல்லை மலர். கத்தினேனா என்றுகூடத் தெரியவில்லை. சத்தம் நின்றுவிட்டது என்பது மட்டும்தான் தெரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் மரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறார். மஞ்சள் துணி கிழிந்து, அதற்குள்ளிருந்து வெள்ளை நூல் கத்தை கத்தையாக வெளியே வந்து, செயின் முழுக்கச் சுற்றிக்கொண்டு அதை அசையவிடாமல் பிடித்திருந்தது. நான் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன். ரத்தம் இல்லை. கன்றிப்போன ஒரு சிவப்புக் கோடு மட்டும் இருந்தது. மறுநாள் அது நீலமாகி, இப்போது மங்கிக்கொண்டு வருகிறது.

அவர் காலைப் பார்க்கவே இல்லை. கிழிந்த மஞ்சளுக்குள் தெரிந்த கறுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "இது அவ அனுப்பினதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மரத்தூள் விழுந்துவிட்டது என்றார். சரி, மரத்தூள்தான்.

அன்றைக்கு அதோடு செயின்சாவை மூடி வைத்தாயிற்று. கவசம் இல்லாமல் இனி ஒருவரும் அதைத் தொடக் கூடாது என்று தம்புசாமி அண்ணன் கட்டளை போட்டுவிட்டார். வெட்டினதை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தோம். விறகு போதாமல் சாம்பாரை மட்டும் கேஸ் அடுப்பில் வைத்தோம். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, தம்புசாமி அண்ணனைத் தவிர.

வீட்டுக்கு வந்து குளிக்கப் போனேன். தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பயம் எல்லாம் முடிந்த பிறகு வருகிற அழுகை எவ்வளவு சுகம் தெரியுமா? அப்புறம் வந்து ரசம் வைத்தேன், இரண்டு முறை உப்புப் போட்டேன். அவர் இன்னொரு கை சோறு போட்டுப் பிசைந்து சாப்பிட்டார்.

தைப்பூசத்தன்று பத்துமலையில் பால்குடம் எடுத்தார். லேசாகச் சாய்ந்து சாய்ந்துதான் படி ஏறினார், ஆனால் ஏறினார். பின்னால் போன நான் முருகனைப் பார்த்ததைவிட அந்த இடது காலைப் பார்த்ததுதான் அதிகம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நேற்று நான் டீ போட்டுக்கொண்டிருந்தபோது சமையலறைக்கு வந்து நின்றார். ஒரு தடவை வெட்டுப்பட்டால் அந்தக் கவசத்தைத் திரும்பப் போடக் கூடாதாமே என்றார். நீ அனுப்பிய தாளை எடுத்துப் படித்திருக்கிறார்! ஐஸ்பெட்டியைத் திறந்து, உள்ளே எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு, "மலர்கிட்ட கேளு லா, மஞ்சள்ல கிடைக்குமான்னு" என்றார்.

ஒரு வருஷம் கழித்து உன் பெயரைச் சொன்னார் மலர். டீ பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது, நான் துடைக்கக்கூட இல்லை.

இதோடு வைத்திருப்பது அந்த மஞ்சள் துணிதான், செயின் கிழித்த இடம். நீ திட்டின திட்டு பலிக்கவில்லை, நீ அனுப்பினது பலித்தது. பத்திரமாக வைத்துக்கொள். நீயும் அங்கே உன் வீட்டு விறகைக் கவனமாக வெட்டு.

மஞ்சளில் கிடைக்குமா கிடைக்காதா என்று எனக்குப் பதில் எழுதாதே. அவருடைய போனை நேற்று நானே ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டேன், நாளைக்கு வந்துவிடும். நம்பர் மாறவில்லை. கிடைக்காது என்று சொல்வதானாலும் அவரிடமே சொல்லம்மா. எடுப்பார்.

முருகன் துணையோடு நீ நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அண்ணி
புஷ்பவல்லி சுகுமாறன்