மேடம் சமைச்சிட்டிருக்காங்க

நேற்று பௌர்ணமி. செங்கம் சாலையில் ஒரு லாட்ஜில் அறை கேட்டு நின்றிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் என் பெயரைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினாள். வருகிறவர்கள் பார்ப்பதற்காக எங்கள் பக்கம் திருப்பி வைத்த திரையில் ஒரு வட்டம் சுழன்றது. அதன் கீழே ஒரு வரி வந்து நின்றது. "மேடம் சமைச்சிட்டிருக்காங்க. கொஞ்சம் பொறுங்க."

எனக்குப் பின்னால் பை மாட்டிக்கொண்டு நின்றவர் அதைச் சத்தமாகப் படித்தார். "என்னம்மா, சாம்பாரா ரசமா?" என்றார். வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். உதடு மட்டும் விரிந்தது, கண் கீபோர்டை விட்டு எழவில்லை.

அந்த வரியை எழுதியவன் நான். அது உனக்குத் தெரியும். எழுதிப் பதினோரு வருஷம் ஆகிறது, நீ போய் ஒன்பது மாதம். இன்னும் எங்கேயோ ஒரு மேசையில் அது ஓடிக்கொண்டிருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. சாவியை வாங்கிக்கொண்டு அறைக்குப் போகாமல் அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

நம் கம்பெனி ஞாபகம் இருக்கிறதா என்று உன்னைக் கேட்பது அபத்தம். இரும்புக்கடை மாடியில் ஒன்பது பேர், அதில் பெண் நீ ஒருத்தி. கல்லூரியில் ஒரே வகுப்பு என்பதால் என்னை நீ "டா" போட்டுத்தான் கூப்பிடுவாய். பௌர்ணமி அன்று பஸ் எதுவும் ஊருக்குள் வராது. அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வருவாய், அதுவும் கிரிவலக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில். வழி நெடுக ஆளாளுக்கு "எதிர்ல வரக்கூடாதும்மா" என்றார்கள் என்று வந்ததும் வராததுமாகப் புலம்புவாய். அப்புறம் மேனேஜர் எப்படி நடப்பார் என்று நடந்து காட்டுவாய். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன். உனக்குத் தமாஷ் புரியாது என்று பிற்பாடு எல்லோரும் சொன்னபோது இதை நான் ஒருவன்தான் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை.

லாட்ஜ்களுக்கு அறை பதிவு செய்யும் மென்பொருள்தான் நம் வேலை. கண்ணுக்குத் தெரியும் திரைகள் என்னுடையவை. பின்னால் நடப்பதெல்லாம் உன்னுடையது. பௌர்ணமி அன்று ஒரே அறையை ஒரே நொடியில் ஐந்து பேர் கேட்பார்கள், அதை ஒருவருக்கு மட்டும் கொடுத்து மற்றவர்களுக்கு வேறு அறை தேட வேண்டும். அது எப்படி என்று கண்டுபிடிக்க மூன்று பௌர்ணமி லாட்ஜ் மேசைகளில் போய் நின்று, அவர்கள் நோட்டில் எழுதுவதை எல்லாம் பார்த்துவிட்டு வந்தாய். நான் அந்த மூன்று பௌர்ணமியும் பட்டன் என்ன நிறத்தில் இருக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆபீசில் தமாஷ் என்றால் நான்தான். உன்னைப் பற்றிய தமாஷுக்குத்தான் மவுசு ஜாஸ்தி. நீ ஒரு தப்பைச் சுட்டிக்காட்டினால் "மேடத்துக்கு இன்னிக்கு மூடு சரியில்ல". நீ ஒரு யோசனை சொன்னால் "கல்யாணம் ஆனா விட்டுட்டுப் போயிடப் போற, உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி". மேனேஜர் தன் பங்குக்கு, "பொண்ணுங்கள டெஸ்டிங்ல போட்டா நல்லாருக்கும், குத்தம் கண்டுபிடிக்கறதுல கெட்டி" என்பார். இதில் பாதி நான் ஆரம்பித்தவை. ஒரு அறை முழுக்கச் சிரிக்கிறது, அதற்குக் காரணம் நான் என்பது எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

அறை தேட உன் பகுதி சில நொடிகள் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் திரையில் ஏதாவது ஒரு வரி காட்ட வேண்டும். மற்றவர்கள் "காத்திருக்கவும்" என்று போடுவார்கள். நான் உன் சமையலைப் போட்டேன். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஆபீசே அதிர்ந்தது. நீயும் நாற்காலியைத் திருப்பிப் படித்துவிட்டுச் சிரித்தாய். "நல்லாருக்குடா. லாட்ஜ்காரங்க வர்றதுக்கு முன்னாடி தூக்கிடு" என்றாய்.

மறந்துவிட்டேன் என்றுதான் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. யாராவது என் மேசைப் பக்கம் வந்தால் காட்டலாமே என்று விட்டு வைத்தேன்.

லாட்ஜ்காரர்கள் ஏழெட்டுப் பேர் பார்க்க வந்த அன்று நீதான் எழுந்து நின்று விளக்கினாய். அழகாக விளக்கினாய். ஐந்து பேர் ஒரே அறையைக் கேட்டால் என்ன ஆகும் என்று காட்ட ஐந்து போன்களை அவர்கள் கையிலேயே கொடுத்து, எல்லோரையும் ஒன்றாக அழுத்தச் சொன்னாய். புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவரில் பெரிய எழுத்தில் அந்த வரி வந்தது. ஆறு நொடி நின்றது. அப்போது ஒருவர் இருமினார், யாரும் சிரிக்கவில்லை.

இருப்பதிலேயே வயதானவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "யாருப்பா இத எழுதினது?" என்றார். கோபமா இல்லையா என்று அந்தக் குரலில் தெரியவில்லை. நான் குனிந்து என் செருப்பைப் பார்த்தேன்.

"எங்க டீம்தாங்க சார். தப்பா வந்துடுச்சு, மன்னிச்சிடுங்க" என்று நீ சொன்னாய்.

அவர் உன்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி உன்னைப் பார்த்தார். "மேடம்னா நீதானாம்மா?" என்று கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதற்குப் பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. "இருக்கட்டும்பா, இத எடுத்துடாதீங்க. ஜனங்க காத்திருக்க அலுத்துக்கமாட்டாங்க" என்றார். மேனேஜர் முகத்தில் உயிர் வந்தது. "யாரு பண்ணது இது?" என்று பெருமையாகக் கேட்டார். என் கை மேலே போயிற்று.

"நான்தாங்க சார்."

இரண்டு கேள்விக்கும் நடுவில் ஒரு நிமிஷம்கூட இருக்காது. நீ என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது என்று சில சமயம் தோன்றும்.

அடுத்த நாள் மேனேஜர் கூப்பிட்டு, "இனிமே கஸ்டமர்கிட்ட இவன் பேசட்டும். நீ உள் வேலையப் பாரு, அதுல நீ கெட்டி" என்றார். உனக்கு வர வேண்டிய இடம் எனக்கு வந்தது. உனக்குச் சமையல் மேடம் என்ற பெயர் வந்தது. போன் செய்கிறவர்கள் "சமையல் மேடம் இருக்காங்களா" என்று கேட்டுச் சிரித்த பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். கோளாறு அவர்கள் லாட்ஜ் ஒயரிங்கில்தான் என்று நீ சொன்னால், "அந்தத் தம்பிகிட்ட குடும்மா" என்பார்கள். நீ சொன்னதையே நான் திருப்பிச் சொல்வேன். "ஆங், அப்படிச் சொல்லுங்க" என்று ஒப்புக்கொள்வார்கள். போனை வைத்துவிட்டு உன்னைப் பார்த்துக் கண்ணடிப்பேன்.

ஒருநாள் கீழே டீக்கடையில் கேட்டாய். "டேய், அத எடுத்துடேன். நீ சொன்னா கேப்பாங்க."

"அன்னிக்கு நீயும்தானே சிரிச்ச?" என்றேன்.

டம்ளரைப் பெஞ்சில் வைத்தாய். "ஆமா, சிரிச்சேன்" என்று சொல்லிவிட்டு மாடி ஏறிப் போய்விட்டாய். டீ பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் நீ தலை நிமிராமல் வேலை பார்த்தாய். எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாய். என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, "ஸ்பீடு கூட்டறேன்" என்றாய். "மேடம் கேஸ் அடுப்புக்கு மாறிட்டாங்க" என்று நான் ஒன்றை எடுத்துவிட்டேன். அதற்கும் சிரித்தார்கள்.

மூன்றே மாதத்தில் சென்னைக்கு வேலை மாறிப் போனாய். வழியனுப்பும்போது எல்லோரும் சேர்ந்து உனக்கு ஒரு குக்கர் கொடுத்தோம். யோசனை யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. மறுநாள் பார்த்தால் அது பிரிக்காத பெட்டியோடு பீரோ மேல் இருந்தது. மறந்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று பேசிக்கொண்டோம்.

நீ இறந்துபோன சேதி நம் பழைய ஆபீஸ் வாட்ஸப் குழுவில்தான் வந்தது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம், ஐந்தாம் நாள் நீ இல்லை. உன் போட்டோவைப் போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகக் கைகூப்பினார்கள், நானும் கூப்பினேன். மத்தியானம் அதே குழுவில், உன் போட்டோவுக்கு இரண்டு விரல் கீழே, பெண்டாட்டி கார் ஓட்டுவதைப் பற்றி ஒருவன் ஒரு தமாஷ் அனுப்பினான். பழக்கத்தில் என் கட்டை விரல் சிரிக்கும் முகத்தைத் தொட்டுவிட்டது. உடனே எடுத்துவிட்டேன். ஆனால் தொட்டது தொட்டதுதான். அந்த விரலைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

நேற்று கூட்டம் கொஞ்சம் கம்மியானதும் அந்தப் பெண்ணிடம் போனேன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கமாம், இரண்டு வருஷமாக இங்கே வேலை. "இந்த வரி எப்பவும் வருமாம்மா?" என்று கேட்டேன்.

"சாதா நாள்ல வராதுங்க சார். பௌர்ணமின்னா வந்துடும், சிஸ்டம் ஸ்லோ ஆயிடுது. அன்னிக்கு முழுக்க இதே கேள்விதான் சார். வெந்துச்சா, இறக்கியாச்சா, உப்பு பாத்தியான்னு."

இந்த மென்பொருளை உருவாக்கிய கம்பெனியில் இருந்தவன், சரி செய்து தருகிறேன் என்றேன். முதலாளிக்குப் போன் போட்டாள். சிஸ்டம் கெடாது என்றால் செய்யட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். நம் பழைய கோப்புகள் எல்லாம் என் லேப்டாப்பில் இன்னும் இருந்தன. எந்த வரியை யார் எழுதினார்கள், யார் மாற்றினார்கள் என்பது அதில் பெயரோடு இருக்கும். சமையல் வரிக்கு நேராக என் பெயர். அதை அழிக்கக் கையை வைத்தபோதுதான் பக்கத்தில் உன் பெயரைப் பார்த்தேன்.

ஒன்று இல்லை, பதினான்கு இடத்தில் இருந்தது. எல்லாம் அந்த இரண்டு வாரத்தில் செய்தவை. நீ எழுதியதையே நீ திரும்பத் திரும்பப் பிரித்துக் கட்டியிருக்கிறாய். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு குறிப்பு எழுதியிருந்தாய். ஆறு நொடி நாலு ஆச்சு. நாலு ரெண்டு ஆச்சு. ரெண்டு ஒண்ணு ஆச்சு. கடைசிக் குறிப்பு, "அரை நொடிக்கும் கீழ. இனிமே யாராலயும் படிக்க முடியாது."

அந்த வரியை எடுக்க உனக்கு அனுமதி இல்லை. எடுக்கச் சொல்லி என்னிடம் கேட்டாய், நான் எடுக்கவில்லை. அதனால் அது கண்ணில் படுவதற்குள் வேலை முடிந்துவிடும்படி செய்துவிட்டாய். லாட்ஜ்காரர்கள் வேகத்தை மெச்சினார்கள். மேனேஜர் அதற்கு என்னைத் தட்டிக்கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் பதிவுகள் சேர்ந்து சேர்ந்து மெஷின் தளர்ந்துபோயிற்று, நீ அடக்கி வைத்தது பௌர்ணமிக்குப் பௌர்ணமி எழுந்து வந்துவிடுகிறது.

"ஆயிடுச்சா சார்?" என்று அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். ஆயிற்று என்றேன். சமையல் வரியை எடுத்துவிட்டுக் "காத்திருக்கவும்" என்று போட்டு அவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தேன். அவள் திரையைப் பார்த்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள். "யாரு சார் அத எழுதினது?"

வேறு யாரோ என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பொய் சொல்லவில்லை. "நான்தாம்மா எழுதினேன்" என்றேன்.

"நீங்களா?" என்றாள். "எங்க முதலாளிதான்னு நெனச்சு ரெண்டு வருஷமா அவரத் திட்டிட்டிருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னாள். மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தேன். அவளிடம் கேட்பதா, உன்னிடம் கேட்பதா என்று குழம்பி நின்றேன். அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார். மாதம் தவறாமல் கிரிவலம் வருகிற ஒருவர், பழகியவர் போல மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவள் பெயரைத் தட்டினாள். திரையில் "காத்திருக்கவும்" என்று வந்தது. அவர் அதைப் படிக்கக்கூட இல்லை.

"என்ன பாப்பா, சமையல் ஆச்சா?" என்றார்.

அவள் சிரித்தாள். உதடு மட்டும் விரிந்தது. கண் கீழேயே இருந்தது.

நான் அழித்தது திரையில் இருந்ததை மட்டும்தான். மீதி இன்னும் இந்த ஊரில் வாய்க்கு வாய் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு எந்தக் கோப்பும் இல்லை, பக்கத்தில் என் பெயரும் இல்லை.

அன்றைக்கு நீயும்தான் சிரித்தாய் என்று பதினோரு வருஷமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தது மற்றவர்களின் முகத்தை, உன் முகத்தை இல்லை. உன் சிரிப்பு எப்படி இருந்தது என்று நேற்றுதான் பார்த்தேன்.