உம்மா கையில் இருந்த புளியங்கொட்டை

மகன்,

இன்றைக்கு மீன் ஆணத்துக்குப் புளி கரைக்கும்போது ஒரு கொட்டை விரலில் வந்து முட்டியது. உடைந்த கொட்டை. எறியப் போன கை அப்படியே நின்றுவிட்டது. உன்னை அடக்கிய பிறகு, நீ இல்லாமல் ஒரு நோன்புப் பெருநாளும் போய்விட்டது. இந்தக் குசினியில் நீ தொடாத சாமான் எது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கும் நான் புளிதான் கரைத்துக்கொண்டிருந்தேன். நீ ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தாய். இரத்தம் ஏறின நாளில் உன் உதட்டுக்கு நிறம் வரும், வாயும் கூடும். கனமூலையில் இருந்து உன் மாமி வந்திருந்தாள். "தலசீமியா எங்கட பக்கத்தில ஒருத்தருக்கும் இல்லையே. இது எங்கயிருந்து வந்தது?" என்று அண்ணன் பெண்டாட்டியான என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நானும் உன் வாப்பாவும் சொந்த மாமி பிள்ளை, மாமா பிள்ளை என்பது அந்த நேரம் அவளுக்கு மறந்துபோனது. நான் படித்தது ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். டொக்டர் சிங்களத்தில் சொல்வதை நீ தமிழில் சொன்னால்தான் பாதியாவது விளங்கும்.

நீ நாலு கொட்டையைக் கழுவி எடுத்தாய். இரண்டை அம்மியில் வைத்துத் தட்டினாய். என்னையும் பக்கத்தில் இருந்த வாப்பாவையும் கண்ணை மூடச் சொல்லி, ஆளுக்கு ஒரு கையில் நல்லதும் மறு கையில் உடைந்ததும் வைத்தாய்.

"என்ட ரெண்டு கையிலயும் நல்லதுதான். பழுது உன்ட உம்மாட கையில" என்றார் வாப்பா.

"திறந்து காட்டுங்க, பாப்பம்."

திறந்தார். நாங்கள் சிரித்தோம். மாமி சிரிக்கவில்லை.

"ஒரு ஆளிட்ட ஒண்டு மட்டும் உடைஞ்சிருந்தா வருத்தம் ஒண்டும் வராது. அதுதான் நீங்க ரெண்டு பேரும் கல்லு மாதிரித் திரியிறீங்க. ஆனா பிள்ளைக்கு ஆளுக்கு ஒண்டு குடுப்பீங்க. எதைக் குடுக்கிறீங்கண்டு உங்களுக்கே தெரியாது."

கையை மூடச் சொல்லி, ஆளுக்கு ஒரு கையைத் தட்டித் திறக்க வைத்தாய். ஒன்று நல்லது, ஒன்று உடைந்தது. "இது தங்கச்சி" என்றாய். அவளுடைய இரத்தம் அப்படித்தான் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மறுபடியும் கையை மூடச் சொல்லித் தட்டினாய். இரண்டும் உடைந்தது. "இது நான்."

மாமி விடவில்லை. "மூத்ததுக்கு வந்து முடிஞ்சுதே. இனி இந்தக் குடும்பத்தில வராது."

"கொட்டைக்கு என்ன ஞாபகமா இருக்கு மாமி? ஒவ்வொரு தரமும் புதுசாத்தான் எடுக்கிறது."

அவள் போன பிறகு என் பக்கத்தில் வந்து இருந்தாய். "தங்கச்சிய மாமிட மகனுக்குத்தான் குடுக்கிறதெண்டா, முதல்ல அவன்ட இரத்தத்தையும் பாருங்க உம்மா. ஊசி எனக்குப் பழகிட்டுது. இன்னொரு பிள்ளைக்குப் பழக வேணாம்."

தங்கச்சி தொட்டிலில் கிடக்கும்போதே பேசி வைத்த சம்பந்தம் அது. போன மாதம் மாமி மகனையும் கூட்டிக்கொண்டு நிக்காஹ்வுக்கு நாள் வைக்க வந்தாள். நான் இரத்தம் பார்க்கவேண்டும் என்றேன்.

"எங்கட இரத்தத்தில குறை பாக்கிறீங்களா மதினி? என்ட நானா, உங்கட மாப்பிள்ளை, அவரும் இதே இரத்தம்தானே!"

"அதனாலதான் கேக்கிறன்" என்றேன். என் வாயில் வந்தாலும் அது உன் கதைதான் மகன்.

மாமி எழும்பிவிட்டாள். அவளுடைய மகன்தான் அவளை இருத்தினான். பஸ்ஸில் இருந்து உன்னை எத்தனையோ தரம் தூக்கி இறக்கியவன் அவன். "சும்மா இருங்க உம்மா. நான் போய் இரத்தம் பாக்கிறன்" என்றான். போனான். அவனிடமும் உடைந்தது ஒன்று இருந்தது.

சம்பந்தம் நின்றது. "பாக்காம விட்டிருந்தா எல்லாப் பிள்ளையும் நல்லாப் பிறந்திருக்கலாமே" என்று மாமி அழுதாள். ஓம், பிறந்திருக்கலாம். நான் அவளோடு வழக்குக்குப் போகவில்லை. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன்.

தங்கச்சி சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தாள். பிறகு எழும்பி வந்து உன்னைப் பற்றி ஒன்று கேட்டாள். "அப்ப எங்கட நானா பிறந்திருக்கக் கூடாதா உம்மா?"

உனக்கும் இப்படி ஒரு கேள்வி இருந்ததா மகன்? இருந்தால், அவளுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். உன்னை வேண்டாம் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. ஏற்றின இரத்தத்தால் உடம்பில் சேர்ந்த இரும்பை இறக்க, இரவிரவாக உன் வயிற்றில் குத்திய அந்த ஊசியைத்தான் வேண்டாம் என்று நினைத்தேன். தங்கச்சிக்கு இரத்தத்தில் பழுது இல்லாத ஒருவன் வருவான். அவளுடைய பிள்ளைக்கு உன் சிரிப்பு வரட்டும், ஊசி வேண்டாம்.

உடைந்த கொட்டை இன்னும் என் கையில்தான் இருக்கிறது. என்னிடம் இருந்து நீ எடுத்ததும் இதுதான். எடுத்தாலும் என்னிடம் குறையவில்லை. அது என் இரத்தத்தில் இப்போதும் ஓடுகிறது. முன்பெல்லாம் அதை நினைத்தால் என் உடம்பே எனக்குப் பகையாக இருக்கும். இப்போது அப்படி இல்லை. உன்னோடு நான் பங்கு போட்டது, நீ போன பிறகும் என்னிடம் இருக்கிறது.