முதல் ஞாயிறு வரை

படுவான்கரை
10.11.2024

அன்பு மகள் டினோஷாவுக்கு,

மாதா உன்னைக் காக்கட்டும். நான் இருக்கிறேன். எப்படி இருக்கிறேன் என்று கேட்டால், அடைமழைக்குள் தனியாகக் கிடக்கிற மனுசி எப்படி இருப்பாளோ அப்படித்தான். மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும்தான் உங்கள் கன்னியர் மடத்தில் போன் தருகிறார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தையும் போன முறை நீ பூந்தோட்டத்துக் கதைக்கே கொடுத்துவிட்டாய். "சாப்பிட்டீங்களாம்மா" என்று நீ கேட்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது.

சரி, அதை விடு. வியாழக்கிழமை மீன்வாடிப் பக்கம் குப்பையில் போட்டிருந்த தங்கூசி வலைக்குள் ஒரு பூனைக்குட்டி சிக்கிக் கிடந்தது. மீன் வாசத்துக்குப் போயிருக்கும். நைலோன் நூல் பின்னங்காலைச் சுற்றி இறுகி, தசையை வெட்டி உள்ளே போய்விட்டது. பக்கத்து வீட்டுக் கண்ணகை பார்த்துவிட்டு, "உதுட விதி அவ்வளவுதான், வாங்க அக்கா" என்றாள். எனக்கு வர மனமில்லை. சவர அலகால் ஒவ்வொரு நூலாக அறுத்து எடுத்தேன். அது என் கையைக் கடித்துப் புண்ணாக்கிவிட்டது, தரித்திரம்.

கரடியனாற்றுப் பக்கம் மாடுகளுக்கு ஊசி போட வந்த டொக்டரிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். காலைச் சுத்தமாக வைக்கச் சொன்னார். மற்றப்படி பூனைக்குரிய மருந்து தன்னிடம் இல்லை, டவுனுக்குக் கொண்டுபோகட்டாம். டவுனுக்கு எப்படிப் போவது? றோட்டில் வெள்ளம். காற்றுக்கு, வாவி கடக்கிற பாதைப் படகும் ஓடவில்லை. துறையில் கட்டிப்போட்டுவிட்டுச் சதீசன் சும்மா பீடி குடித்துக்கொண்டிருக்கிறான்.

இரவெல்லாம் அனுங்குகிறது, மகள். கேட்டுக்கொண்டு படுக்க ஏலாது. சின்ன வயதில் ஊர்ப்பூனை எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நீ. ஒரு நாள் லீவு கேட்டு வந்து பார்த்துவிட்டுப் போயேன். நம்மட வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கென்றுதான் அப்பா இதைக் கட்டினார். கட்டியவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், உரியவளும் மலைநாட்டில். நானும் ஒரு நொண்டிப் பூனையும் குந்தியிருக்கிறோம்.

நீ கன்னியாஸ்திரியாக வார்த்தைப்பாடு கொடுக்கிற நாளுக்கு நான் வருவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். இன்னும் யோசிக்கவில்லை.

உன்னை நினைத்தபடி இருக்கும்,
அம்மா


16.11.2024

என் அன்பு அம்மாவுக்கு,

இயேசுவின் சமாதானம் உங்களோடு இருப்பதாக. கடிதத்தை வாசித்து அழுதேன், மறுகா சிரித்தேன். தரித்திரம் என்று ஏசிக்கொண்டே சவர அலகோடு குந்தியிருக்கும் உங்களைக் கண்ணுக்குள் கண்டேன்.

லீவு கேட்டேன், அம்மா. வார்த்தைப்பாடு முடியும்வரை வீட்டுக்குப் போகக்கூடாது என்பதுதான் முறை. மடத்துத் தலைவி மதர் கோபிக்கவில்லை, அன்பாகத்தான் சொன்னார். கோபிக்காதீர்கள், நீங்களும்.

ஆனால் வைத்தியம் சொல்ல என்னால் ஏலும். இங்கே மருந்தறையில் சிஸ்டருக்கு உதவி நான்தான். உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரால் காலையும் மாலையும் புண்ணைக் கழுவுங்கள். ஈ மொய்க்க விடாமல் பழைய வெள்ளைச் சீலையால் தளர்வாகச் சுற்றுங்கள். நோவுக்குப் பனடோல் கொடுங்கள். குளிசை வேண்டாம், சின்னக்குட்டிக்குக் கடுமையாக இருக்கும். நான் சின்னனாக இருக்கும்போது காய்ச்சலுக்குப் பருக்குவீர்களே, அந்தச் சிரப்தான். அரைத் தேக்கரண்டி, காலையும் இரவும். பயப்படாதீர்கள், அது கைக்குழந்தைக்கே கொடுக்கிற மருந்து.

பெப்ரவரி இரண்டாம் திகதி வார்த்தைப்பாடு. பெற்றோர் பிள்ளையைக் கைப்பிடித்துப் பீடத்தடிக்குக் கூட்டிவந்து கையளிக்க வேண்டும். அப்பா இல்லை. நீங்களும் வராவிட்டால் நான் மட்டும் தனியாக நடக்க வேண்டும். யோசியுங்கள், அம்மா.

குட்டிக்குப் பெயர் வைத்தீர்களா?

உங்கள் செபத்தைக் கேட்கும் மகள்,
டினோஷா


21.11.2024

என் செல்ல மகளுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. மழைக்குள் தபால்காரப் பொடியன் ஷேர்ட்டுக்குள் வைத்து நனையாமல் கொண்டுவந்து தந்தான். ஒரு பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன்.

உப்புத் தண்ணீர் நல்ல வேலை செய்கிறது. நாற்றம் போய்விட்டது. சிவந்த தசை வந்திருக்கிறது. கண்ணகை வந்து மூக்கில் விரலை வைத்துவிட்டாள். "அக்கா, டொக்டர்ட மகள் எண்டு சொன்னா நம்புவாங்க" என்றாள். "டொக்டர்ட தாய் எண்டு சொல்லு கா" என்றேன். மனுசி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மணலை மீனை அவித்து முள்ளெடுத்துக் கொடுத்தால் தட்டையே நக்கிவிடுகிறது. மூன்று காலில் குதித்துக் குதித்து எனக்குப் பின்னாலேயே வரும். குசினிக்குப் போனால் குசினிக்கு, கிணற்றடிக்குப் போனால் கிணற்றடிக்கு. பெயர் ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் "மனே" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது. உன்னைக் கூப்பிட்ட வாய், வேறு என்ன வரும்?

இரவில் மட்டும் இன்னும் அனுங்குகிறது. வீட்டில் சிரப் இல்லை. காற்று அடங்கிப் பாதை ஓடத் தொடங்கியதும் சதீசன் அக்கரையில் வாங்கி வருவான். வந்ததும் நீ சொன்ன அளவில் கொடுப்பேன்.

இன்னொன்று. பெப்ரவரிக்கு வருகிறேன். ஓம், வருகிறேன். காத்தான்குடிக் கடையில் ஒரு சீலை பார்த்து வைத்திருக்கிறேன். நாவல் நிறம், மெல்லிய கரை. மடத்துக்கு அது அதிகமா என்று எழுது. உனக்குக் கல்யாணம் இல்லையென்று ஆன பிறகு நான் உடுக்கிற சீலை இதுதானே, கொஞ்சம் பளபளப்பாக இருந்தால் ஆண்டவர் கோபிப்பாரா?

நானும் மகளைத் தொலைத்தேன் தொலைத்தேன் என்று ஏசிக்கொண்டே இருந்தேன். அங்கேயிருந்து நீ சொல்லி, இங்கே ஒரு சீவன் எழும்பி நடக்கிறது. அப்படியென்றால் முழுக்கத் தொலையவில்லை என்றுதானே அர்த்தம்.

முத்தங்களுடன்,
அம்மா


25.11.2024

அம்மா,

சிரப்பைக் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் உடனே நிறுத்துங்கள்.

இன்று மடத்துப் பசுவைப் பார்க்க மிருக டொக்டர் வந்தார். உங்கள் கடிதமும் இன்றுதான் கிடைத்தது. சந்தோசத்தில் அவரிடம் குட்டியின் கதையைச் சொன்னேன். பனடோல் என்றதும் அவருடைய முகம் மாறிவிட்டது. பூனைக்கு அது நஞ்சாம், அம்மா. அந்த மருந்தை முறிக்க மனிதருக்கும் நாய்க்கும் உள்ளது பூனையின் உடம்பில் இல்லையாம். ஒரு முறை கொடுத்தாலே போதுமாம். எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

உடனே ஓடிப்போய் மதரிடம் போன் கேட்டேன். முழங்காலில் நின்று கேட்டேன். "முதல் ஞாயிறு வருகிறதுதானே. ஆபத்து என்றால் ஒரு மனிதருக்கு ஆபத்தாக இருக்க வேண்டும், ஒரு பூனைக்காக ஒழுங்கை மாற்ற முடியாது. கீழ்ப்படிதலைச் சின்ன விசயத்தில்தான் பழக வேண்டும்" என்றார். மேசையில் போன் இருந்தது. நான் எழும்பி வந்துவிட்டேன்.

அதனால் இதை எழுதுகிறேன். கடுகதித் தபாலில் போடச் சம்மதித்தார்கள். அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்திருக்கிறேன். இந்தக் கடிதம் முந்திவிடும் என்று நம்புகிறேன். நாவல் நிறம் நல்லது, அம்மா. எனக்குப் பிடிக்கும்.

ஞாயிறு கோல் எடுப்பேன்.

டினோஷா


4.12.2024

டினோஷாவுக்கு,

உன் கடுகதித் தபால் நேற்று வந்தது. வெள்ளத்துக்குள் அதற்கென்ன கடுகதி.

போன வாரம் செவ்வாய் பின்னேரம் காற்று அடங்கி, சதீசன் சிரப்பைக் கொண்டுவந்தான். அன்றிரவு கொடுத்தேன். துப்பியது. வாயைப் பொத்திப் பிடித்து, தடவித் தடவி விழுங்கவைத்தேன். விடிய இன்னொரு தரம். மத்தியானம் முகம் வீங்கிவிட்டது. பல் முரசு மண்ணிறம். மூச்சை வாயால் இழுத்தது. நோவு கூடிவிட்டது என்று நினைத்து நான் மூன்றாம் தரமும் போத்தலை எடுத்தேன். கண்ணகைதான் கையைப் பிடித்தாள்.

ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் வைத்துக் கொண்டு ஓடினேன். மறுபடி காற்று. சதீசன் பாதையை விடவில்லை, சின்னத் தோணியை இறக்கினான். "வாங்க அக்கா, போறது போகட்டும்" என்றான். டவுன் மிருக டொக்டர் நல்ல பிள்ளை. "என்னம்மா குடுத்தீங்க?" என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன், என் மகள் மருந்தறையில் இருக்கிறாள், அவள் சொன்னது என்று. அவர் பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். மறுகாதான் சொன்னார். இன்னும் கொஞ்ச நேரம் என் கைக்குள் உயிரோடு இருந்தது.

அதற்காக நான் உன்னைக் கோபிக்கவில்லை. உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தோணியில் திரும்பி வரும்போது எனக்கு உன்மேலும் இரக்கம்தான். பிள்ளை அறிந்தால் உடைந்துபோவாள், எப்படி எழுதுவது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஞாயிறு போன் மணி அடித்தபோதும் நான் எடுக்காமல் இருந்தது அதனால்தான். சொல்ல வாய் வரவில்லை.

நேற்று உன் கடிதத்தைப் பார்த்தேன். திகதியைப் பார்த்தேன். திங்கட்கிழமை. அன்று அந்தப் போத்தல் அக்கரைக் கடையில் இருந்தது. குட்டி என் மடியில் இருந்தது.

உன் மதரை நான் ஏசமாட்டேன். அவவுக்கு அது ஒரு பூனை. அவ என் வீட்டில் இரவு படுத்ததில்லை, அது அனுங்கினதைக் கேட்டதில்லை. உனக்குத் தெரியும். நான் வாயைப் பிடித்து ஊற்றப்போகிறேன் என்று தெரியும், என் கையாலேயே சாகப்போகிறது என்று தெரியும். மேசையில் போன் இருந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். எடுத்தால் என்ன செய்திருப்பார்கள்? ஏசியிருப்பார்கள். வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். என்னிடம் வருவது அவ்வளவு பெரிய தண்டனையா, மகள்?

எனக்கும் வயது போகிறது. ஒரு நாள் கண்ணகை மடத்துக்குக் கோல் எடுத்து, "அம்மாவுக்கு மூச்செடுக்க ஏலாதாம்" என்பாள். நீ போய் முழங்காலில் நிற்பாய். என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழும்பிப் போவாய். அழுவாய், எனக்குத் தெரியும். அழுதுகொண்டே போவாய்.

பெப்ரவரிக்கு நான் வரவில்லை. பீடத்தடியில் உன்னைக் கையளிக்கத் தாய் வேண்டும் என்று எழுதியிருந்தாய். என் கையில் இருந்தால்தானே கொடுப்பதற்கு.

சுகமாக இரு.

மார்கிறட்