தோற்றவர் சீட்டைப் பிரிக்கக் கூடாது

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், இடது முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, மற்றபடி வண்டி ஓடுகிறது. நீயும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் கண் விழித்ததும் நினைத்துக்கொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் மூன்று முறை இருமினாய். சளி இல்லை, ஏசி என்றாய். உன்னைப் பெற்றவளுக்கு ஏசி இருமலும் சளி இருமலும் தெரியாதா, வெந்நீர் குடி. போனில் நீ அவசரப்படுகிறாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மழை பெய்ததையும் குழாய் ஒழுகுவதையும் சொல்லி வைத்துவிடுகிறேன், அதனால்தான் இந்தக் கடிதம். சொல்ல வேண்டியது ஒன்றும் கேட்க வேண்டியது ஒன்றும் இருக்கின்றன. கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன், தேர்தலுக்கு வருகிறாயா?

இங்கே எங்கே திரும்பினாலும் ஜனாதிபதித் தேர்தல் பேச்சுதான். வேட்புமனுவுக்கு இன்னும் ஐந்து வாரம் கிடக்கிறது, அதற்குள் யார் நிற்பார் யார் நிற்க மாட்டார் என்று ஆளுக்கொரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். இப்போது இருக்கிறவர் மறுபடி நிற்பார் என்பது பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும், அவர் மட்டும் இன்னும் யோசிக்கவில்லை என்கிறார், விருந்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே புதுச் சட்டை தைக்கக் கொடுக்கிறவரைப் போல. எதிர்க்கட்சி யாரை நிறுத்தும் என்பதில்தான் குழப்பம். மேல்வீட்டுக் கணக்கு வாத்தியார் ஓய்வுபெற்ற நீதிபதிதான் என்று அடித்துச் சொல்கிறார். கேட்டால், முப்பது வருஷமாகப் பூங்காவில் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் நடந்த மனிதர் இப்போது நாய்க்குக்கூட வணக்கம் சொல்கிறாராம், சும்மாவா சொல்வார் என்கிறார். எங்கள் பல் டாக்டருக்குப் பட்டாளத்து ஜெனரல்மேல்தான் சந்தேகம். ஜெனரல் இன்னும் மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருக்கிறார், எந்தப் பக்கம் குதிப்பார் என்று தெரியவில்லை, ஆனாலும் டாக்டர் விடுவதாக இல்லை. நோயாளியின் வாயில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு ஜெனரல் ஏன் வரவேண்டும் என்று விளக்குவார், அந்த ஆள் வலியில் ஆ ஆ என்பார், டாக்டர் அதை ஒரு ஓட்டாக எண்ணிக்கொள்வார். நேற்று ஒருவர் பொறுக்கமாட்டாமல் மரத்துப்போன கன்னத்தோடு எழுந்து உட்கார்ந்து பழைய மேயரம்மாவுக்காகப் பரிந்து பேசினார். பாதிதான் புரிந்தது, அதுவும் நியாயமாகத்தான் இருந்தது.

நான் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதிக்கொண்டு இவ்வளவையும் காதில் வாங்கி வைத்துக்கொள்கிறேன். வாங்கி என்ன செய்ய. முன்பெல்லாம் செருப்பைக் கழற்றுமுன்பே அப்பாவிடம் கொட்டிவிடுவேன், அவரும் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்த விஷயத்தையும் தெரியாததுபோல் கேட்பார். போன செவ்வாய்க்கிழமை குழாய் ரிப்பேர்காரர் வந்தார். நீதிபதிக்கும் மேயரம்மாவுக்கும் உள்ள வித்தியாசத்தை அவரிடம் நாற்பது நிமிஷம் சொன்னேன். வேலை முடிந்தும் பையைத் தோளில் மாட்டியபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அரசியலில் ஆர்வமுள்ளவர் என்று நினைத்தேன். அவர் போன பிறகுதான், என்மேல் பாவப்பட்டு நின்றிருக்கிறார் என்று உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது. இங்கே கழுவ ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு சட்டிதான் விழுகிறது, நாலு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது, அதற்கப்புறம் நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரிவதில்லை.

இனி சொல்ல வந்தது. குதிரைப் படம் போட்ட பிஸ்கட் டின் உனக்கு ஞாபகம் இருக்கும். ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலுக்கும் முன்னால், எதிர்க்கட்சி யாரை நிறுத்தும் என்று ஆளுக்கொரு சீட்டு எழுதி அதில் போடுவோம், பெயர் அறிவித்ததும் பிரிப்போம், தப்பாக எழுதியவர் தேர்தல் முடிகிறவரை பாத்திரம் கழுவ வேண்டும். முதல் தடவை உனக்கு எட்டு வயசு. அப்பாவும் நானும் சரியாக எழுதியிருந்தோம், நீ உன் பள்ளிக்கூட பஸ் டிரைவர் என்று எழுதியிருந்தாய். நான்தான் சத்தம் போட்டுப் படித்தேன், வந்திருந்த வாத்தியாரும் சேர்ந்து சிரித்தார். நீ அன்றைக்கு முக்காலி போட்டு ஏறி நின்று தனியாகப் பாத்திரம் கழுவினாய், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அடுத்த தேர்தலுக்கு அப்பா புதுச் சட்டம் கொண்டுவந்தார், ஜெயித்தவர் மட்டும் சீட்டைப் பிரித்துக் காட்டினால் போதும், தோற்றவர் சீட்டை யாரும் பிரிக்கக் கூடாது, மடித்தபடியே டின்னில் கிடக்க வேண்டும் என்று. அதற்குப் பிறகு மூன்று தேர்தல். மூன்றிலும் நான் ஜெயித்தேன், நீயும் அப்பாவும் தோற்றீர்கள். தபாலாபீசில் உட்கார்ந்து மூன்று பேப்பரை வரி விடாமல் படிக்கிற மனிதருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று அவரை நான் ஓட்டாத நாளில்லை. அவர் சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உன் பக்கத்தில் போய் நிற்பார்.

போன வாரம் என் சீட்டைப் போடலாம் என்று டின்னை எடுத்தேன். உள்ளே மடித்தபடி ஆறு சீட்டு, உன்னுடையது மூன்று, அப்பாவுடையது மூன்று. தபாலாபீஸ் பழக்கத்தில் அவர் ஒவ்வொன்றின் மேலும் வருஷத்தை எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. சட்டத்தை மீறினேன், உன்னுடையதைத் தொடவில்லை, அவருடையதைப் பிரித்தேன். முதல் சீட்டில் சரியான பெயர். இரண்டாவதிலும் சரியான பெயர். மூன்றாவது, நீ வெளிநாடு போவதற்கு முந்தின மாதம் எழுதியது, அதிலும் சரியான பெயர், அடியில் ஒரு கோடு வேறு போட்டிருக்கிறார். ஒரு தடவைகூட அவர் தோற்கவில்லையடா. உன்னோடு நின்று பாத்திரம் கழுவுவதற்காகத் தோற்றுவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அப்படிச் சொல்வதற்காகவே அந்தச் சட்டத்தையும் போட்டிருக்கிறார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, மறைப்பானேன். நீங்கள் இரண்டு பேரும் உள்ளே தண்ணீரைத் திறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, நான் முன்னறை நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு வாரப் பத்திரிகை படிப்பேன், ஜெயித்தவள் அல்லவா. ஒரு தடவை எழுந்து வந்து, அப்படி என்ன சிரிப்பு என்று கேட்டேன். அப்பா திரும்பிப் பார்க்காமலே, "தோத்தவங்க பேச்சு, ஜெயிச்சவங்களுக்கு எதுக்கு?" என்றார். நீ நுரைக்கையால் வாயைப் பொத்திக்கொண்டாய். நானும் பெருமையாகத் திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டேன். இப்போது நினைத்தால் அந்த நாற்காலியை எடுத்து வெளியே போட வேண்டும் போலிருக்கிறது. இதில் இன்னொரு வெட்கக்கேடும் உண்டு, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல. நான் ஜெயித்தது புத்தியால் அல்ல. தேர்தலில் நிற்கப் போகிறவர்கள் போஸ்டருக்குப் போட்டோ எடுக்குமுன் பல்லைச் சுத்தம் செய்ய எங்கள் டாக்டரிடம்தான் வருவார்கள், அவர்கள் பெயரை நோட்டில் எழுதுகிறவள் நான். டாக்டருக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான். ஒரே வீட்டில் இரண்டு கள்ள ஆட்டம் நடந்திருக்கிறது, நான் ஜெயிப்பதற்கு, அவர் தோற்பதற்கு. கெட்டிக்காரர் யார் என்று நீயே சொல்.

இந்தத் தடவை யார் என்பதும் எனக்குத் தெரியும். போன வியாழக்கிழமை கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து ஒருவர் வந்து முன்பல் இரண்டைச் சரிசெய்துகொண்டு போனார். யாரென்று உனக்கும் சொல்லமாட்டேன், அது டாக்டர் வீட்டு ரகசியம். வாத்தியார் தினமும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து உங்கள் கணிப்பு என்ன என்று கேட்கிறார், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். என் சீட்டை எழுதி, மடித்து, மேலே வருஷம் போட்டு டின்னில் போட்டாயிற்று. அதில் அந்தப் பெயரை எழுதவில்லை. உன் பழைய பஸ் டிரைவர் பெயரை எழுதியிருக்கிறேன். அவர் நல்ல மனிதர்தான், ஒருநாள்கூட உன்னை விட்டுவிட்டுப் போனதில்லை.

யார் நின்றால் என்னம்மா, ஓட்டை இங்கே தூதரகத்திலேயே போட்டுவிடுவேன், அதற்காக லீவு போட்டு வரணுமா என்று போனில் கேட்டாய். அப்போது சரிப்பா என்று சொல்லிவிட்டேன். சரியில்லை. ஓட்டை எங்கிருந்து வேண்டுமானாலும் போடலாம், பாத்திரத்தை அங்கிருந்து கழுவ முடியாது. அப்பா போனபோது ஒன்பது நாள் இருந்தாய், அந்த ஒன்பது நாளும் வீடு நிறைய ஆட்கள், உன் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. எனக்குத் தனியாக இருக்கிறது, எழுதும்போதுதான் இதைச் சொல்ல முடிகிறது. வர முடியாதென்றால் முடியாது என்று எழுதிவிடு, தாங்கிக்கொள்வேன், பார்க்கலாம் என்று மட்டும் எழுதாதே. வருகிறாயோ இல்லையோ உன் சீட்டை மடித்து உறையில் வைத்து அனுப்பு, பிரிக்கமாட்டேன், சத்தியம்.

நோய்நொடி இல்லாமல், போகிற இடமெல்லாம் நல்ல பெயரோடு நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவின் மனசு உன்னைச் சுற்றித்தான் இருக்கும். கடைவாய்ப் பல்லை அங்கே ஒரு டாக்டரிடம் காட்டு, தள்ளிப் போடாதே. பாத்திரம் தேய்க்கிற நார் பழசாகிவிட்டது, கடைக்குப் போனவள் என்ன நினைப்போ இரண்டாக வாங்கி வந்துவிட்டேன்.

இப்படிக்கு,
இந்த முறை தோற்கப்போகிற
உன் அம்மா