ஓடைக்கரைச் சேம்பு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் போனை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அவளை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது? எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய கைக்குப் பேனா பிடித்துப் பழக்கமில்லை.

முதலில் செடி விஷயம். மறதி நோய் வந்ததிலிருந்து, தோட்டத்து ஓடை கண்ணில் பட்டால் அம்மா துணி அலசக் கிளம்பிவிடுகிறாள், அதை மறைக்க ஈர மண்ணில் பெரிய இலையாக என்ன வளரும் என்று உன்னைக் கேட்டிருந்தேன். நர்சரியில் வேலை பார்க்கிறவள், நீ சரியாகத்தான் சொன்னாய். தண்ணீரை ஒட்டிச் சேம்பு, அதற்கு முன்னால் கல்வாழை, செடிக்குச் செடி மூன்றடி. எனக்கு ஏது பொறுமை? அடிக்கு ஒன்றாக நட்டுத் தள்ளினேன். நாலே மாதத்தில் என் நெஞ்சு உயரம் வந்துவிட்டது. ஓடை இருக்கும் இடமே தெரியவில்லை, அம்மாவும் துணியை மறந்தாள். பெரிய கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். என் பழைய பஸ்ஸின் பக்கக் கண்ணாடியை அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கிறேன். திரும்பாமலே தோட்டத்தில் அவளைப் பார்த்துக்கொள்ளலாம். பால் பொங்கியது, இறக்கினேன். நிமிர்ந்தால் கண்ணாடி முழுக்க இலைதான். அவள் இல்லை.

பேரைச் சொல்லிக் கத்தினேன். தெருக்கதவு பூட்டியபடியே இருந்தது. அப்படியென்றால் ஓடைதான். இலையை விலக்கினால் அதற்குப் பின்னாலும் இலை. கால் மணி நேரம் தேடினேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஓடி வந்தார், அவர்தான் சேற்றில் ஒற்றைச் செருப்பைப் பார்த்தார்.

சேம்புக்கு அடியில், இடுப்புவரை தண்ணீரில், என் சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ரகசியம்போலச் சொன்னாள்:

“யாரோ ஒரு ஆளு என் பேரச் சொல்லிக் கத்திக்கிட்டே வர்றான். பயமா இருந்துச்சு. அதான் ஒளிஞ்சிக்கிட்டேன்.”

அந்த ஆள் நான்தான். கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன், உடை மாற்றிவிட்டேன். பால் ஆறியிருந்தது, அதையே குடித்தாள்.

மூன்று நாளாக அரிவாளோடு போய் நிற்கிறேன், வெட்ட மனம் வரவில்லை. வெட்டினால் அவளுக்குத் தண்ணீர் தெரியும். விட்டால் எனக்கு அவள் தெரியமாட்டாள். இதில் மழை வேறு வரப்போகிறது. ஓடையில் தண்ணீர் ஏறிவிடும்.

உனக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், எல்லாம் தெரியும். நீங்கள் எல்லோரும் நல்லபடியாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவளுக்கு ஓடையை மறைத்து, எனக்கு அவளை மறைக்காத செடி ஏதாவது உங்கள் நர்சரியில் உண்டா? உண்டென்றால் பேரை எழுது. இல்லையென்றால் எழுதாதே, நேரில் வந்து சொல்.

அப்பா