நூற்றுக்கு ஐந்துக்குள் காய்ச்சல்

இன்று உங்கள் இரும்புப் பெட்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று திறந்தேன். நீங்கள் அளவெடுக்கும் வெர்னியர், எண்ணெய்த் துணி, அதற்கடியில் நம் வீட்டுத் தெர்மாமீட்டர். எங்கே தொலைந்தது என்று நான் வருடக்கணக்காகத் தேடியது. நீங்கள்தான் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது, இன்னும் எனக்கு வயிறு எரிகிறது. செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதுதான் வழக்கம். எனக்குத் திட்டத்தான் வருகிறது. கேளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் பெரியநாயக்கன்பாளையத்தில் குடியிருந்தோம். நீங்கள் ஒரு பம்ப் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். ஃபவுண்டரியிலிருந்து வரும் இரும்பு உருப்படிகளை எடை போடுவீர்கள். சொன்ன எடைக்கு நூற்றுக்கு ஐந்துக்குள் கூடக் குறைய இருந்தால் பாஸ், தாண்டினால் ரிஜெக்ட். அந்த ஐந்தைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்கும் கொண்டுவந்தீர்கள். ரசத்தில் உப்பு, பால்காரர் ஊற்றும் பால், என் தங்கச்சி கல்யாணத்துக்கு நாம் போய்ச் சேர்ந்த நேரம், எதைச் சொன்னாலும் "அஞ்சுக்குள்ளதான் புள்ள, உடு" என்பீர்கள். அக்கம்பக்கம் சிரிக்கும். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

நம் மகளுக்கு அப்போது நாலு வயது. இரண்டு நாளாகக் காய்ச்சல். அன்று காலை "கழுத்து நோவுதும்மா" என்று முனகினாள். தெர்மாமீட்டர் நூற்று மூன்று காட்டியது.

"ஏனுங்க, ஆசுபத்திரிக்குப் போயிரலாமுங்க. பாப்பா கண்ணே தொறக்க மாட்டேங்கறா."

நீங்கள் சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே கணக்கும் போட்டீர்கள். "தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு இருக்கோணும், நூத்தி மூணு இருக்குது. நூத்துக்கு அஞ்சுகூட ஏறல. இதுக்குப் போயி இப்படிப் பதறற? மாத்திரையக் குடு, எறங்கிரும்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. காலேஜில் இரண்டாம் வருடத்தோடு படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுக்கப்பட்டவள் நான். அந்தத் தெர்மாமீட்டரில் ஃபாரன்ஹீட், செல்சியஸ் இரண்டும் உண்டு. திருப்பிக் காட்டினேன்.

"இந்தப் பக்கம் பாருங்க. முப்பத்தேழு இருக்கோணும், முப்பத்தொம்பது புள்ளி நாலு இருக்குது. இதுல போடுங்க உங்க கணக்க. ஆறரை வருது. ஒரே பாப்பா, ஒரே காய்ச்சல். அந்தப் பக்கம் பாஸு, இந்தப் பக்கம் ரிஜெக்டுங்களா?"

சீப்பை எடுத்துத் தலை வாரினீர்கள். "கணக்குக் கணக்குதான். எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

"இரும்புக்குச் சரிங்க. சைபர் கிலோன்னா அங்க இரும்பே இல்ல. அங்கிருந்து எண்ணுனா நூத்துக்கு இத்தனைன்னு சொல்லலாம். சூட்டுக்கு அப்படியா? ஊட்டியில பனி உறைஞ்சா இந்தப் பக்கம் சைபரு, அந்தப் பக்கம் முப்பத்திரெண்டு. சைபருன்னா சூடே இல்லைன்னா அர்த்தம்? அதுக்குக் கீழயும் எறங்குதே! அவனவன் தோணுன எடத்துல சைபர வெச்சிருக்கறான். அதுல போயி நூத்துக்கு அஞ்சு, ஆறுன்னு போட்டா எப்படிங்க நிக்கும்? எத்தனை டிகிரி ஏறியிருக்குதுன்னுதான் பாக்கோணும். நாலரைக்கு மேல ஏறியிருக்குது."

"ரெண்டு வருசம் காலேஜுக்குப் போனதுக்கே இந்தப் பேச்சா? அஞ்சத் தாண்டட்டும், பாக்கலாம்." சைக்கிளை எடுத்துக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய்விட்டீர்கள்.

பாவி, நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நூற்று மூன்று புள்ளி மூன்றைத் தாண்டினால் உங்கள் ஐந்தைத் தாண்டிவிடும். அரை மணிக்கு ஒருமுறை தெர்மாமீட்டரை உதறி உதறி அக்குளில் வைத்தேன். வாசலைத் தாண்டினால் மேட்டுப்பாளையம் ரோடு, பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ். நீங்கள் திரும்பி வந்து "யாரக் கேட்டுப் போன?" என்று கத்துவீர்களே என்று உட்கார்ந்திருந்தேன். மூன்று மணிக்கு நூற்று மூன்று புள்ளி நான்கைத் தொட்டது. தூக்கித் தோளில் போடும்போதே பாப்பாவுக்கு வலிப்பு வந்துவிட்டது.

மூளைக்காய்ச்சல் என்றார் டாக்டர். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, "காலையிலயே கொண்டுவந்திருந்தா காதையும் காப்பாத்தியிருக்கலாம்மா" என்றார். இடது காது முழுதாகப் போயிற்று. அதைக் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "காலைல அஞ்சுக்குள்ளதான இருந்துச்சு." அங்கேயே உங்கள் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்காமல் விட்டது என் தப்பு.

அதற்குப் பிறகு எத்தனை வருடம்! பள்ளிக்கூடத்தில் வலது காது வாத்தியார் பக்கம் இருக்கிற மாதிரி இடம் கேட்டு வருடா வருடம் நான்தான் போய் நின்றேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் காது விஷயத்தைச் சொன்னதும் நான்தான். நீங்கள் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வீர்கள். தப்பு என்று ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவில்லை.

கடைசி வாரத்தில் வந்தது. பேச்சுக் குழற, அவளைக் கிட்டே கூப்பிட்டீர்கள். பெற்று இத்தனை வருடம் வளர்த்த பெண், எந்தக் காது கேட்கும் என்றுகூடப் பார்க்கவில்லை. இடது காதுக்குள் முணுமுணுத்தீர்கள், தலைமாட்டில் நின்ற எனக்குத்தான் கேட்டது. "கண்ணு, அப்பன் போட்ட கணக்குத் தப்பு. கோவிச்சுக்காத கண்ணு."

அவள் தலையை ஆட்டினாள். உங்கள் வாயைத் துடைத்துவிட்டாள். வெளியே வந்து, "அப்பா என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டாள்.

"தண்ணி கேட்டாரு" என்றேன்.

இன்றுவரை உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் அந்த நிமிடமே உங்களை மன்னித்துவிடுவாள், அவள் மனசு அப்படி. உங்களை மன்னித்துவிட்டால், கணக்குத் தப்பென்று தெரிந்தும் மூன்று மணி வரை பஸ் ஏறாமல் உட்கார்ந்திருந்த நான் ஒருத்திதான் மிச்சம்.